டாக்டர் ப. சுப்பராயன்: பெரும்பான்மை இல்லாத முதல் மந்திரி

நம் சங்கத்தின் வெள்ளி விழா மலருக்குப் பெரியார் ஒருவரின் வாழ்க்கையை எழுதித் தருமாறு மலர்க் குழுவினர் நம்மைப் பணித்தபோது, நாம் டாக்டர் ப. சுப்பராயன் பெயரைச் சொன்னோம். குழுவினர் சற்றே திகைத்தனர். குமாரமங்கலம் ஜமீன்தாருக்கு நம் மலரில் என்ன இடம் என்பது அவர்கள் வினா. வினா நியாயமானதே. எம். சி. ராஜாவும் இரட்டைமலை சீனிவாசனும் அண்ணல் அம்பேத்கரும் இருக்க, நிலவுடைமைக் குடியில் பிறந்து ஆக்ஸ்போர்டில் பயின்ற ஒருவரை ஏன் தேட வேண்டும்? அதற்கு விடையாகவே இக்கட்டுரையை எழுதுகின்றோம். ஏற்பதும் மறுப்பதும் படிப்போர் உரிமை.

குண்டூர் நாட்டிலிருந்து செம்மேடு வந்து, மலைப்பாதையின் எழுபது வளைவுகளையும் கடந்து காரவள்ளியில் இறங்குவோர்க்குத் திருச்செங்கோடு தொலைவான ஊர் அன்று. அத்திருச்செங்கோட்டை அடுத்த குமாரமங்கலமே சுப்பராயன் குடும்பத்தின் ஜமீன். இன்று நாமக்கல் மாவட்டமாக உள்ள இப்பகுதி முழுவதும் அந்நாளில் சேலம் மாவட்டமாகவே இருந்தது. ஆகவே நம் மலைக்கும் அவர் ஊருக்கும் ஒரே ஆட்சியர். ஒரே மாவட்டத் தலைநகர். ஆயினும் மலையிலுள்ள நம் மாணவர்களுள் அவர் பெயரை அறிந்தோர் மிகச் சிலர் என்பதை வகுப்பறையில் கேட்டே அறிந்திருக்கின்றோம்.

11-9-1889 அன்று பிறந்த பரமசிவ சுப்பராயன், சென்னை மாநிலக் கல்லூரியில் பட்டம் பெற்று, பின்னர் இங்கிலாந்து சென்று ஆக்ஸ்போர்டு வாதம் கல்லூரியில் சட்டம் பயின்றார். டப்ளின் பல்கலைக்கழகத்தின் சட்ட முனைவர் பட்டமும் பெற்றார். திரும்பி வந்து சென்னை உயர்நீதிமன்றத்தில் வழக்கறிஞராகப் பதிவு செய்துகொண்டார். செல்வர் வீட்டுப் பிள்ளைகள் அந்நாளில் சென்ற வழிதான் இது. வியப்பதற்கு ஒன்றும் இல்லை.

வியப்பதற்கு உரியது அவர் திருமணம். கொங்கு வேளாளர் குடியில் பிறந்த இவர் மணந்தது, மங்களூரைச் சேர்ந்த சாரஸ்வதப் பிராமணக் குலத்து ராதாபாய் அம்மையாரை. இந்நூற்றாண்டிலும் நம் சுற்றுவட்டாரத்தில் சாதி கடந்த மணம் செய்துகொண்டோர் படும் பாட்டை அறிந்தவர்கள், ஒரு நூறு ஆண்டுகளுக்கு முன் மொழியும் சாதியும் மாகாணத்தின் கோடியும் கடந்து நடந்த அத்திருமணத்தின் துணிவை உணர்வர். அதனினும் நமக்கு முதன்மையானது அந்த அம்மையாரின் தந்தையார் யார் என்பதே.

அவர்தாம் குத்முல் ரங்கராவ். கல்விச் சங்கம் ஒன்றின் மலரில் இப்பெயர் இடம்பெறாமல் போனால் அது குறையாகும். 1859இல் பிறந்து, மங்களூரில் வழக்கறிஞராக வாழ்ந்த ரங்கராவ், 1892இல் தாழ்த்தப்பட்ட குழந்தைகளுக்கென்று பள்ளி ஒன்றைத் தொடங்கினார். 1897இல் ஒடுக்கப்பட்டோர் பணிச் சங்கத்தை நிறுவினார். பள்ளிக்கு இடம் கிடைக்கவில்லை. ஆசிரியர் கிடைப்பது அரிதாயிற்று. அவருடைய சொந்தச் சாதியினர் அவரை விலக்கி வைத்தனர். அவர் பள்ளியை விடவில்லை. தம் பள்ளியில் படித்த ஒரு தாழ்த்தப்பட்ட பிள்ளை பதவி பெற்று மோட்டார் காரில் செல்லும்போது எழும் புழுதி தம் தலைமீது படியுமானால் தம் பிறவி பயன் பெற்றதாகும் என்பது அவர் ஆசை. அவர் கல்லறையிலும் அக்கருத்துப் பொறிக்கப்பட்டுள்ளது. 1928 ஜனவரியில் அவர் மறைந்தார். அப்போது அவர் மருமகனார் சென்னை மாகாணத்தின் முதல் மந்திரி.

மாமனாரின் பணி மருமகனின் அரசியலை எவ்வளவு உருவாக்கியது என்று அளந்து கூற இயலாது. ஆனால் தாழ்த்தப்பட்டோர் பள்ளி என்பது என்ன, அதை நடத்துவோர் எதை இழக்க வேண்டியிருக்கும் என்பதைத் தம் குடும்பத்திலேயே கண்டவர் அவர் என்பது உறுதி.

இனி அவர் அரசியலுக்கு வருவோம். 1919ஆம் ஆண்டுச் சட்டப்படி மாகாணங்களில் இரட்டையாட்சி அமைந்தது. நிதி, காவல், நில வருவாய் போன்றவை ஆளுநரும் அவருடைய நிர்வாகக் குழுவினரும் வைத்துக்கொண்ட துறைகள். கல்வி, தலத்தாபனம், சுகாதாரம் போன்றவை மந்திரிகளிடம் மாற்றப்பட்ட துறைகள். பெட்டகத்தின் சாவி ஒருவரிடம். செலவுப் பொறுப்பு மற்றொருவரிடம் என்று நாம் வகுப்பில் இதை விளக்குவதுண்டு. சென்னைச் சட்டசபையில் தேர்ந்தெடுக்கப்பட்ட உறுப்பினர் 98 பேர். நியமன உறுப்பினர் 34 பேர். வாக்குரிமை சொத்தும் வரியும் உடையவர்க்கே. தாழ்த்தப்பட்ட மக்களுக்கெனத் தேர்தல் தொகுதி ஒன்றுகூட இல்லை. அம்மக்களின் சார்பில் அவைக்குள் சென்ற இரட்டைமலை சீனிவாசன் முதலியோர் ஆளுநரின் நியமனத்தாலேயே சென்றனர். படிப்போர் இதை நினைவில் வைத்துக்கொள்ள வேண்டுகின்றோம். பின்னர் இது தேவைப்படும்.

1920 முதல் ஆறாண்டு நீதிக்கட்சி ஆண்டது. அக்காலத்தில் சுப்பராயனும் அக்கட்சியைச் சார்ந்தே சட்டசபைக்குள் நுழைந்தார். நாளடைவில் அதிலிருந்து விலகிச் சுயேச்சையானார். 1926 நவம்பர் தேர்தலில் நிலைமை மாறிற்று. சுயராஜ்யக் கட்சி 41 இடங்களைப் பெற்றுத் தனிப்பெருங்கட்சியாயிற்று. நீதிக்கட்சிக்கு 21 இடங்களே கிடைத்தன. ஆனால் சுயராஜ்யக் கட்சியார் ஆட்சிப் பொறுப்பை ஏற்பதில்லை என்ற காங்கிரசின் முடிவுக்குக் கட்டுப்பட்டு மந்திரி பதவியை மறுத்தனர். பானகல் அரசரோ தம்மிடம் போதிய எண்ணிக்கை இல்லை என்று ஒதுங்கினார். வென்றவர் ஆள மறுக்க, தோற்றவரால் ஆள இயலாத நிலையில், ஆளுநர் கோஷன் பிரபு சுயேச்சைகளுள் ஒருவரான சுப்பராயனை அழைத்தார். 4-12-1926 அன்று அவர் முதல் மந்திரியானார். வயது 37. அ. ரங்கநாத முதலியாரும் ஆர். என். ஆரோக்கியசாமி முதலியாரும் உடன் மந்திரிகளாயினர்.

கட்சி இல்லாத ஒருவர் ஆட்சி நடத்துவது எங்ஙனம்? சொந்தச் சுவர் இல்லாதவன் அயலான் சுவரில் கூரையைச் சாய்த்து வாழ்வது போலத்தான். நீதிக்கட்சி மீண்டும் வந்துவிடக் கூடாது என்பதற்காகச் சுயராஜ்யக் கட்சியார் முதலில் இவ்வமைச்சரவையைக் கவிழ்க்காமல் விட்டனர். அது நட்பு அன்று. பகைவனின் பகைவனுக்குக் கொடுத்த தவணையே. நீதிக்கட்சியினர் இது ஆளுநரின் பினாமி ஆட்சி என்று இகழ்ந்தனர். அவ்விகழ்ச்சியில் உண்மை இல்லாமல் இல்லை. 1927 ஆகஸ்டில் நம்பிக்கையில்லாத் தீர்மானம் வந்தபோது அமைச்சரவையைக் காத்தது ஆளுநரின் ஆதரவும் நியமன உறுப்பினர்களின் வாக்குகளுமே.

இங்கேதான் நாம் முன்னர்க் குறித்ததை நினைவூட்டுகின்றோம். வாக்குரிமை இல்லாத மக்களின் பேராளர்கள் அமர்ந்திருந்ததும் அந்த நியமன உறுப்பினர் வரிசையில்தான். பெரும்பான்மை உடைய அமைச்சரவைக்கு அவ்வரிசையைக் குறித்துக் கவலை இல்லை. பெரும்பான்மையற்ற அமைச்சரவைக்கோ அங்கிருந்த ஒவ்வொரு தலையும் கணக்கு. எண்ணிக்கை குறைந்த ஆட்சியைக் குறித்து அரசியல் நூலார் பொதுவாக இழித்தே பேசுவர். நிலையற்றது, பேரம் பேசுவது, துணிந்து எதையும் செய்யாதது என்பர். நாம் அதை முற்றும் மறுக்கவில்லை. ஆனால் ஒரு மூலையில் உட்கார வைக்கப்பட்டவர்களின் பக்கம் ஆட்சியாளர் திரும்பிப் பார்க்க நேர்வதும் அத்தகைய காலத்தில்தான் என்பதைச் சொல்லாமல் விடுவது வரலாற்றுக்கு ஒப்பாகாது.

1928இல் சோதனை வந்தது. சைமன் குழுவைப் புறக்கணிக்க வேண்டும் என்று சட்டசபை தீர்மானித்தது. அக்குழுவில் இந்தியர் ஒருவரும் இல்லை என்பது நாடெங்கும் எழுந்த சினத்திற்குக் காரணம். மந்திரிகள் இருவரும் புறக்கணிப்பின் பக்கம் நின்று பதவி விலகினர். சுப்பராயன் விலகவில்லை. சுயராஜ்யக் கட்சியாரின் பொறுமை அத்துடன் முடிந்தது. ஆயினும் அமைச்சரவை விழவில்லை. ஆளுநர் நீதிக்கட்சியைச் சேர்ந்த கிருஷ்ணன் நாயரை நிர்வாகக் குழுவில் அமர்த்தினார்; அதுவரை எதிர்த்து வந்த நீதிக்கட்சி, பானகல் அரசர் தலைமையில் சுப்பராயனுக்கு ஆதரவு தரும் கட்சியாயிற்று. நேற்று ஒரு சுவர். இன்று எதிர்ச் சுவர். கூரை மட்டும் அதே கூரை. எஸ். முத்தையா முதலியாரும் எம். ஆர். சேதுரத்தினம் ஐயரும் புதிய மந்திரிகளாயினர்.

நாட்டுப்பற்றின் அளவுகோலால் அளந்தால் சுப்பராயன் அன்று செய்தது குறையே. சைமன் குழு சென்னைக்கு வந்தபோது தெருக்களில் கருப்புக்கொடி. அரசின் பக்கத்தில் வரவேற்பு. பதவி விலகிய இரு மந்திரிகளின் பெயரை இன்று எவரும் சொல்வதில்லை என்பது வேறு செய்தி. அதே வேளையில், இந்தியா முழுவதிலும் ஒடுக்கப்பட்டோர் அமைப்புகள் பல அக்குழுவின் முன் சென்று சாட்சியம் அளித்தன. அண்ணல் அம்பேத்கரும் சாட்சியம் அளித்தார். எனவே சைமன் குழுவைப் புறக்கணித்தவர் எல்லாரும் நம்மவர், வரவேற்றவர் எல்லாரும் துரோகியர் என்று பாடநூல் சொல்லும் கணக்கு நமக்குப் பொருந்துவதில்லை.

அவ்வமைச்சரவையின் காலத்தில் விளைந்த பயன்களுள் நமக்கு நேராக உரியது வகுப்புவாரி ஆணை. 1927-28ஆம் ஆண்டுகளில் உருவாகிச் செயலுக்கு வந்த அவ்வாணையை நடைமுறைப்படுத்திய பெருமை முத்தையா முதலியாருக்கே உரியது. அதை முதல் மந்திரியின் கணக்கில் எழுதிவிடுவது தகாது. அதன்படி அரசுப் பணியில் நிரப்பப்படும் 12 இடங்களில், பிராமணரல்லாத இந்துக்களுக்கு 5, பிராமணருக்கு 2, முஸ்லிம்களுக்கு 2, கிறித்தவர்க்கும் ஆங்கிலோ இந்தியர்க்கும் சேர்த்து 2, தாழ்த்தப்பட்டோர்க்கு 1 என்று பகிரப்பட்டது. பன்னிரண்டில் ஒன்று! மக்கள்தொகையோடு ஒப்பிட்டால் அது மிகக் குறைவு. ஆனால் அதற்கு முன் இருந்தது ஒன்றும் இல்லை என்பதையும் கருத வேண்டும். அந்த ஒன்று 1947இல் பதினான்கில் இரண்டாயிற்று. 1951இல் உச்சநீதிமன்றத் தீர்ப்பால் அவ்வாணையே வீழ்ந்தது. அரசியலமைப்பின் முதல் திருத்தத்தால் இடஒதுக்கீடு வேறு வடிவில் நிலைபெற்றது. இன்று நம் சங்கத்தின் மாணவர் ஒருவர் தேர்வாணையத்தின் பட்டியலில் தம் எண்ணைத் தேடும்போது, அத்தேர்வாணையத்தின் தொடக்கமும் அதே ஆட்சியில்தான் என்பதை அறிவாரா? 1929இல் சட்டத்தால் நிறுவப்பட்ட சென்னை அரசுப் பணித் தேர்வுக் குழு, இந்திய மாகாணங்களுள் முதலாவது ஆகும். அண்ணாமலைப் பல்கலைக்கழகம் தோன்றியதும் அவ்வாண்டே. டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி அம்மையார் தேவதாசி முறையை எதிர்த்துச் சட்டத் திருத்தம் கொண்டுவந்து வென்றதும் அந்தச் சட்டசபையில்தான்.

1930 அக்டோபரில், தேர்தலுக்குப் பின், நீதிக்கட்சியின் முனுசாமி நாயுடு முதல் மந்திரியானார். சொந்தக் கட்சி இல்லாமல் ஒருவர் ஏறக்குறைய நான்காண்டு பதவியில் நீடித்தது, பிற்காலத்தில் பெரிய கட்சிகளின் தலைவர்கள் பலர்க்கும் வாய்க்காதது. இதே பழைய சேலம் மாவட்டத்தைச் சேர்ந்த இராஜாஜி, 1952இல் 375 உறுப்பினர் கொண்ட அவையில் 152 பேரை மட்டுமே பெற்ற காங்கிரசுக்குத் தலைமை ஏற்று ஆண்டார். அவராலும் ஈராண்டுக்கு மேல் நீடிக்க இயலவில்லை. (அதற்குக் காரணமான கல்வித் திட்டத்தைப் பற்றி ஆசிரியர்களாகிய நமக்குச் சொல்ல வேண்டுவன நிறைய உண்டு, இது அதற்கு இடம் அன்று.)

பதவி போன பின்னர்தான் சுப்பராயன் வாழ்வில் நம் கருத்தை மிகவும் ஈர்க்கும் பகுதி வருகின்றது.

1932 செப்டம்பரில் பூனா ஒப்பந்தம் ஏற்பட்டது. மலபாரில் குருவாயூர்க் கோயிலைத் தாழ்த்தப்பட்டோர்க்குத் திறக்க வேண்டும் என்று கேளப்பன் உண்ணாநோன்பு இருந்து, காந்தியடிகளின் வேண்டுகோளால் நிறுத்தியிருந்தார். பொன்னானி வட்டத்தில் எடுத்த கருத்து வாக்கெடுப்பில் பெரும்பான்மை இந்துக்கள் திறப்பதை ஆதரித்தனர். ஆனால் கோயிலின் பொறுப்பாளரான சாமூத்திரி, வழக்கத்தை மாற்றச் சட்டம் இடம் தரவில்லை என்றார். அந்நிலையில் 1-11-1932 அன்று சென்னைச் சட்டசபையில் கோயில் நுழைவுக்கு ஆதரவாகத் தீர்மானம் கொண்டுவந்தவர் சுப்பராயன். தீர்மானம் நிறைவேறிற்று. தொடர்ந்து, அக்கோயிலைச் சார்ந்த இந்துக்களுள் பெரும்பான்மையோர் விரும்பினால் தாழ்த்தப்பட்டோரை அனுமதிக்கலாம் என்று சட்ட முன்வடிவு ஒன்றையும் வகுத்தார். அதற்கு வைசிராயின் முன் அனுமதி வேண்டும். 1933 ஜனவரி 2ஆம் நாள் தொடங்குவதாக அறிவித்திருந்த உண்ணாநோன்பைக் காந்தியடிகள் அவ்வனுமதிக்காகவே ஒத்திவைத்தார். நம் பக்கத்து ஊர்க்காரர் ஒருவர் எழுதிய தாளுக்காக நாடே காத்திருந்த நாள்கள் அவை.

1933 ஜனவரி 23இல் வைசிராய் வில்லிங்டன் அனுமதி மறுத்தார். இது ஒரு மாகாணத்திற்கு மட்டும் உரிய பொருள் அன்று, நாடு முழுவதற்கும் உரியது என்பது அவர் கூறிய காரணம். அதே பொருளில் ரங்கய்யர் மத்திய சட்டசபையில் கொண்டுவந்த முன்வடிவும், தேர்தல் நெருங்கியபோது காங்கிரஸ் கைவிட்டதனால், 1934 ஆகஸ்டில் திரும்பப் பெறப்பட்டது. எம். சி. ராஜா மனம் நொந்தார்.

இம்முன்வடிவுகளை அண்ணல் அம்பேத்கர் ஏற்கவில்லை என்பதை நாம் மறைக்கலாகாது. 1933 பிப்ரவரியில் ரங்கய்யரின் முன்வடிவைக் குறித்து அவர் வெளியிட்ட அறிக்கையில், அது தீண்டாமையைப் பாவம் என்று கூறவில்லை என்றும், பிறரின் பெரும்பான்மை விருப்பத்தைச் சார்ந்ததாக நம் உரிமையை ஆக்குகின்றது என்றும் சுட்டினார். கல்வியும் பதவியும் பொருளாதார உயர்வுமே முதன்மை என்பது அவர் நிலை. நாம் இவ்விரண்டையும் பலமுறை சிந்தித்திருக்கின்றோம். அண்ணல் கூறியதே சரி என்று நமக்குத் தோன்றுகின்றது. மூன்றாண்டுக்கு மேல் பிறர் வாக்கை நம்பி ஆட்சி நடத்திய சுப்பராயனுக்கு, ஓர் உரிமையையும் பிறர் வாக்கை நம்பியே எழுதத் தெரிந்திருந்தது போலும். ஆயினும் அந்நாளில் சட்டசபையில் எழுந்து அதைக் கொணர்ந்த சாதி இந்துக்கள் எத்தனை பேர் என்று எண்ணினால், இவரைத் தள்ளிவிடவும் மனம் வரவில்லை.

பின்னர் அவர் காங்கிரசில் சேர்ந்தார். 1937இல் இராஜாஜி அமைச்சரவையில் சட்டம், கல்வி ஆகிய துறைகளுக்கு அமைச்சரானார். இப்போது அவர் பெரும்பான்மை உடைய ஆட்சியில் ஒருவர். அவ்வாட்சிதான் 1938இல் பள்ளிகளில் இந்தியைக் கட்டாயமாக்கிற்று. கல்வி அமைச்சர் என்ற முறையில் அப்பழி இவரையும் சேரும். அப்போராட்டத்தில் சிறை சென்று 15-1-1939 அன்று உயிர் நீத்த நடராசன், சென்னையைச் சேர்ந்த தாழ்த்தப்பட்ட சமுதாய இளைஞர். அதே ஆட்சியில்தான் எம். சி. ராஜா கொணர்ந்த சமூகக் குறைபாடுகள் நீக்கச் சட்டமும், மலபார்க் கோயில் நுழைவுச் சட்டமும் 1938இல் நிறைவேறின. 8-7-1939 அன்று மதுரை மீனாட்சியம்மன் கோயிலுக்குள் வைத்தியநாத ஐயர், கக்கன் முதலிய தோழர்களை அழைத்துச் சென்றார். அவ்வாண்டே அதற்குச் சட்டக் காப்பும் வந்தது. 1947இல், ஓமந்தூரார் ஆட்சியில், பிறர் வாக்கெடுப்பு எதற்கும் காத்திராத முழுமையான கோயில் நுழைவுச் சட்டம் நிறைவேறியபோது, சுப்பராயன் அவ்வமைச்சரவையிலும் இருந்தார். ஆறு வயதில் விதைத்த மரத்தின் நிழலில் அறுபதில் அமர்வது சிலர்க்கே வாய்க்கும். இவர்க்குப் பதினைந்தே ஆண்டில் வாய்த்தது.

ஓமந்தூரார் அமைச்சரவையில் அவர் காவல் துறையையும் கவனித்தார். பொதுவுடைமைக் கட்சியினர் வேட்டையாடப்பட்ட காலம் அது. அவருடைய மகன் மோகன் குமாரமங்கலமும் மகள் பார்வதியும் அக்கட்சியினர்! மற்றொரு மகன் பரமசிவ பிரபாகர் குமாரமங்கலம் 1966 முதல் 1969 வரை இந்தியத் தரைப்படையின் தலைமைத் தளபதியாக விளங்கினார். ராதாபாய் அம்மையார் லண்டன் வட்டமேசை மாநாட்டில் பெண்களின் பேராளராகக் கலந்துகொண்டவர். ஒரு வீட்டில் இத்தனை வகைக் கொள்கைகளும் ஒருங்கே வாழ்ந்தது நமக்கு வியப்பளிக்கின்றது.

எஞ்சியவற்றைச் சுருங்கச் சொல்லலாம். அரசியல் நிர்ணய சபை உறுப்பினர், இந்தோனேசியாவில் இந்தியத் தூதர், நாடாளுமன்ற உறுப்பினர், 1959 முதல் மத்திய போக்குவரத்து, தகவல் தொடர்பு அமைச்சர் எனப் பதவிகள் தொடர்ந்தன. 1938 முதல் 1946 வரை இந்தியக் கிரிக்கெட் கட்டுப்பாட்டு வாரியத்தின் தலைவராகவும் இருந்தார். இவற்றுள் ஒன்றை மட்டும் சற்று நின்று பார்க்க விரும்புகின்றோம். 1955இல் அமைந்த ஆட்சிமொழிக் குழுவில் அவர் ஓர் உறுப்பினர். அக்குழுவின் பெரும்பான்மையோர் இந்திக்குச் சார்பாக எழுதியபோது, வங்கத்து அறிஞர் சுனீதி குமார் சட்டர்ஜியும் சுப்பராயனும் மட்டும் மாறுபட்ட குறிப்பு எழுதி இணைத்தனர். 1938இல் இந்தியைக் கட்டாயமாக்கிய ஆட்சியின் கல்வி அமைச்சர் அவர். முன்னர்ச் செய்ததற்கு வருந்தினாரோ, நாட்டு நிலை கண்டு தெளிந்தாரோ, மீண்டும் சிறுபான்மையின் பக்கமே அமர்ந்தார்.

1962 ஏப்ரலில் மகாராட்டிர மாநிலத்தின் ஆளுநராக நியமிக்கப்பட்டார். கோஷன் பிரபு அமர்ந்திருந்தது போன்ற நாற்காலி. ஆறு மாதம் நிறையுமுன், 6-10-1962 அன்று, பதவியில் இருக்கும்போதே காலமானார். அப்போது அவருக்கு வயது 73.